இரண்டு கடைக்கும் ஒரே ஆள்செலவு இலக்கு சரிவராது

வணக்கம். புதுச்சேரி நேரு வீதி, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் இரண்டு துணிக்கடைக்கும் விற்பனையில் 10 சதவீதம் சம்பளம் என்று இலக்கு வைத்தும் கடலூர் மட்டும் தாண்டுகிறது என்கிறீர்கள். மேலாளரைத் திட்டாதீர்கள். கடை திறந்தாலே கல்லாவில் ஒருவர், துணி எடுத்துப்போட இருவர் வேண்டும். விற்பனை குறைந்தாலும் அது குறையாது. போன வருஷக் கணக்கைப் பார்த்துத் தனித்தனி இலக்கு வையுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முதலாளி பங்கு 3.25 சதவீதம்; எல்லோருக்குமான மொத்தச் சம்பளம் 96,000 ரூபாய் என்றால் 3,120 ரூபாய், அதையும் சேருங்கள். தீபாவளி போனஸையும் 12 மாதத்துக்குப் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம், தினமும் விற்பனையையும் வேலை செய்த மொத்த மணி நேரத்தையும் நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை விற்பனையை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்ததில் எங்கள் கடையில் செவ்வாய் மதியம்தான் ஆட்கள் சும்மா நின்றார்கள். ஆட்களின் வார லீவை அன்றைக்கு மாற்றினோம், யாரையும் நிறுத்தவில்லை.