சயானும் சேயோனும்

கேள்வி: தாராவியில் வசிக்கிறோம். அருகிலுள்ள சயான் ரயில் நிலையத்தின் மராத்திப் பலகையில் ‘ஷீவ்’ என்று எழுதியிருக்கிறது. இது சிவபெருமானின் பெயரா, விவிலியம் சொல்லும் சீயோனா, அல்லது கோட்டைக் குன்று இருப்பதால் நம் சேயோனாகிய முருகனா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: மூன்றுமே அல்ல. மராத்தியில் சிவனைக் குறிக்கும் சொல்லுக்குக் குறில். பலகையில் நீங்கள் காண்பது நெடில், அதன் பொருள் எல்லை. ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்ச்சுகீசியர் ஆண்ட சால்செட் தீவுக்கும் எல்லையாக இருந்த இடம் அது. 1669க்கும் 1677க்கும் இடையே ஆங்கிலேயர் அக்குன்றின்மேல் கோட்டை கட்டியதும் அந்த எல்லையைக் காக்கத்தான். சீயோன் என்பது எருசலேமின் குன்றைக் குறிக்கும் எபிரேயப் பெயர். சேயோனோ, செம்மையின் அடியாகப் பிறந்து ‘சிவந்தவன்’ என்று பொருள்படும் தூய தமிழ்ச் சொல். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்தை அவனுக்கு உரியதாக்குகிறது. குன்றைக் கண்டதும் முருகன் நினைவு வந்த உங்கள் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. சுவிட்சர்லாந்தில் வலே மாநிலத் தலைநகரின் பெயரையும் ஆங்கிலத்தில் சயானைப் போலவே எழுதுகிறார்கள். அது ‘செடுனும்’ என்ற பழைய இலத்தீன் பெயரின் திரிபு.