நாக்கு எழும்பாத இடம்

கேள்வி: கேரள எல்லையோரம் பாறசாலைக்குப் பக்கத்தில் எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. மாதம் ஒரு ஞாயிறு மன்றாட்டு ஜெபம் பெண்கள் சங்கத்தின் முறை. போன மாதம் நான் ஏறெடுத்தேன். 'எங்களை ஆளுகிறவர்களுக்காக' என்ற இடம் வந்ததும் நாக்கு எழும்பவில்லை. அதை விட்டுவிட்டு நோயாளிகளுக்குப் போய்விட்டேன். கமிட்டி அண்ணன் ஒருவர் கவனித்துக் கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கிறார், அவருக்குப் பிடித்த கட்சிதான் ஆள்கிறது. சொல்வது செய்வது எதுவும் எனக்கு ஒப்பாத ஒருவருக்காக ஜெபித்தால் அது பாசாங்கு ஆகாதா அக்கா?

பதில்: தங்கச்சி, எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதாதது நல்லதாயிற்று. உங்கள் ஊரில் அது சுலபமும் இல்லை. மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, உங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரே இரண்டு பேர். கல்யாணப் பந்தியில் பப்படம் நொறுக்கி முடிப்பதற்குள் இரண்டு மாநில அரசியலும் பேசி முடிந்துவிடும்.

சரி, பாசாங்குக்கு வருகிறேன். அந்த ஒரு பகுதியை விட்டதற்காக உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பொய்யாக ஜெபிக்கக் கூடாது என்று நினைத்த நாக்குதான் எழும்பவில்லை. ஆனால் ஜெபிப்பதைப் பாராட்டுவது என்று நினைத்துக்கொண்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் செய்யச் சொல்லும் காரியங்களில் முதலாவது 'விண்ணப்பம்'. வருமானச் சான்றிதழுக்கு அக்ஷயா சேவை சென்டரில் வரிசையில் நின்று கொடுக்கிறோமே, அதற்கும் அதே பெயர்தான். அதிகாரியைப் பிடித்துப்போயா கொடுக்கிறோம்? இங்கே விண்ணப்பம் போவது அவருக்கும் மேலிடத்துக்கு. உங்களுக்குப் பிடிக்காத அந்த மனிதரும் ஒருவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்று சபை நடுவில் சொல்கிறீர்கள். இதில் எங்கே பாராட்டு? இந்த நிருபத்தை எழுதின பவுலின் கடைசிக் காலத்தில் ரோமை ஆண்டது, கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தின நீரோ மன்னன் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தப் பட்டியலின் கடைசிச் சொல் 'ஸ்தோத்திரம்'. அது இடிக்கும். எனக்கும் இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

நம் பாட்டிமாரையும் நினைத்துப் பாருங்கள். 1829-ல் திருவிதாங்கூர் அரசு நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது என்று உத்தரவு போட்டது. குப்பாயம் என்ற சட்டை போடலாம், அவ்வளவுதான். அடுத்த முப்பது வருடத்தில் சந்தைகளில் சீலையைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த ஜெபவீடுகளில் வாசித்த வேதத்திலும் ராஜாவுக்காக ஜெபிக்கச் சொல்லும் இந்தப் பகுதி இருந்தது. அதற்காக அவர்கள் சீலையைக் கழற்றவில்லை. மனுக்கள் மகாராஜாவுக்கும் போயின, மதராஸ் கவர்னருக்கும் போயின. 1859-ல் உத்தரவு மாறியது, அதுவும் பாதி மனதோடு. ஜெபித்தால் எதிர்க்கக் கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

என் கதையும் ஒன்று. ஒரு தேர்தல் சமயத்தில் வாட்ஸப்பில் 109-ஆம் சங்கீதம் வந்தது: 'அவன் நாட்கள் கொஞ்சமாயிருப்பதாக, அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்.' ஆகா, எனக்காகவே எழுதினது என்று, எனக்குப் பிடிக்காத ஒரு தலைவரை நினைத்து இரண்டு ராத்திரி அதையே சொல்லி ஜெபித்தேன். மூன்றாம் நாள் வேதத்தை விரித்தால் அடுத்த வரியில் அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும் அவன் மனைவி விதவையுமாக வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தலைவருடைய மனைவியின் முகத்தை டிவியில் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டேன். ஆனால் அவருக்கு ஓட்டுப் போடவில்லை, அது வேறு.

அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'நல்ல ஞானத்தைத் தாரும்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். 'ஆண்டவரே, விதவைப் பென்ஷன் காகிதம் எங்கள் முதலமைச்சரின் மேசைக்கு வரும்போது அவர் அதைத் தள்ளி வைக்காதபடி செய்யும். அவர் செய்கிற அநியாயத்தைத் தடுத்து நிறுத்தும். அவர் வீட்டாருக்குச் சுகம் தாரும்.' இதில் உங்களால் சொல்ல முடியாத வரி எது? பெயர் வேண்டாம், பதவி போதும். உங்கள் பெஞ்சிலேயே மூன்று கட்சிக்காரர்கள் இருப்பார்கள். கோபத்தை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள், அங்கே பெயர் சொல்லியே சொல்லலாம். மைக்கில் வேண்டாம். கட்சி மேடைக்கு வேறு மைக் இருக்கிறது.

அப்புறம், அந்தப் பென்ஷன் விஷயத்துக்குப் பஞ்சாயத்திலும் ஒரு விண்ணப்பம் எழுதிப் போடுங்கள். கமிட்டி அண்ணனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் இப்போது சிரிக்கட்டும். அவர் கட்சி தோற்கிற வருடம் வரும்போது, அந்த மன்றாட்டை அவரையே ஏறெடுக்கச் சொல்லுங்கள்.