மூட்டு வலி, ரத்த டெஸ்ட்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: டாக்டர், வயசு 34. ரெண்டு மாசமா காலைல எந்திரிச்சா விரலை மடக்கவே முடியல, அது சரியாகறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. முடக்குவாதத்துக்கு பாக்குற ரத்த டெஸ்ட் ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். அப்போ முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இல்லைன்னு இருந்துடலாமா?

பதில்: இருந்துடாதீங்கம்மா. முடக்குவாதம் இருக்குறவங்கள்லயே நாலஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு அது நெகட்டிவ்தான், ஆரம்பத்துல இன்னும் ஜாஸ்தி. ஆன்டி சிசிபின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் பாருங்க, அது பாசிட்டிவ்னா சந்தேகம் ரொம்ப வலுவாகும், ஆனா அதுவும் சிலருக்கு நெகட்டிவ்வா வரும், உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் ரெண்டும் நார்மலா இருந்தும் நோய் இருக்கலாம். அதனால ரிப்போர்ட்டை விட உங்க கைதான் முக்கியம், விரல்களோட அடி மூட்டுங்களை சேர்த்து அமுக்கினா வலிக்குதா, வீக்கம் மெத்துன்னு இருக்கா, இதை ஒரு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு வாத நோய் டாக்டர்) தொட்டுப் பாக்கணும். 6 வாரத்துக்கு மேல ஆயிடுச்சு, தள்ளிப்போடாதீங்க ப்ளீஸ், முதல் சில மாசத்துல மருந்து ஆரம்பிச்சா மூட்டு கோணாம காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 66. மாஸ்டர் செக்கப்ல ஆர்ஏ பாசிட்டிவ், வீக்கம் எதுவும் இல்ல, படி ஏறினா மட்டும் முட்டி வலி.

பதில்: இது தேய்மானம் மாதிரி தெரியுது. வயசானவங்க, ஹெபடைடிஸ் சி, டிபி இருக்குறவங்களுக்கும் இது பாசிட்டிவ் வரும். வீக்கமே இல்லாம அந்த ஒரு வரிக்காக முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிக்க வேணாம்.

கேள்வி: வயசு 40, ரத்த டெஸ்ட்ல ஏஎஸ்ஓ டைட்டர் அதிகம்னு 3 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுறாங்க சார், வலி குறையல.

பதில்: இதைப் பாத்தா எனக்கு கோவமே வருது தம்பி. ஏஎஸ்ஓ சொல்றது முன்னாடி தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போச்சுங்கறதை மட்டும்தான், மூட்டு வலிக்கு காரணத்தை சொல்லாது. அந்த ஊசி ருமாட்டிக் ஃபீவருக்கு, அதாவது அந்த தொண்டை கிருமிக்கு அப்புறம் மூட்டையும் இதயத்தையும் தாக்குற காய்ச்சலுக்கு போடுறது, அது பெரும்பாலும் 5லேருந்து 15 வயசுக்குள்ள முதல்ல வர்ற வியாதி. ஆனா அதனால இதய வால்வு பிரச்சனை இருந்தா அந்த ஊசி அவசியம், அதனால நீங்களா நிறுத்தாம எதுக்கு போடுறீங்கன்னு கேளுங்க.

கேள்வி: சிக்குன்குனியா வந்து 5 வாரம், இன்னும் கணுக்கால் வீக்கம்.

பதில்: நிறைய பேருக்கு கொஞ்ச மாசத்துல அடங்கிடும். 3 மாசம் தாண்டினா காட்டுங்க, சிலருக்கு அது முடக்குவாதம் மாதிரியே நீடிக்கும்.

கேள்வி: டாக்டர்கிட்ட போற அன்னைக்கு மட்டும் வீக்கமே இல்ல!

பதில்: மெடிக்கல்ல வாங்குற மாத்திரைல ஸ்டீராய்டு இருக்கான்னு பாருங்க, அது வீக்கத்தையும் சிஆர்பியையும் இறக்கிடும். என்ன சாப்பிட்டீங்கன்னு அட்டையோட கொண்டு போங்க, காலைல வீங்கியிருக்கும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க.