பனியன் கம்பெனி வேலை: இ.எஸ்.ஐ. போதுமா, தனிப் பாலிசியும் வேணுமா?

தம்பி, மாசம் 14,000 சம்பளம், இ.எஸ்.ஐ. (தொழிலாளிகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடிக்கறாங்க, ஏஜென்ட் சொல்ற மருத்துவப் பாலிசியும் போடட்டுமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. முதல்ல சம்பளச் சீட்டைப் பாருங்க: உங்க பங்கு 0.75 சதவீதம், 105 ரூபா. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபா. பிடிச்சா மட்டும் பத்தாது, கட்டறாங்களான்னு உங்க இ.எஸ்.ஐ. நம்பரைப் போட்டு இணையத்துல பாத்துக்குங்க. நான் திருப்பூர்ல ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிட்டிருந்தப்ப ஆறு மாசம் பிடிச்சும் கட்டவே இல்லைங்க. விரல்ல ஊசி ஏறுன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கம்பெனி மாறுனா பழைய நம்பரையே குடுங்க. ஆறு மாசத்துல 78 நாளாவது பங்கு ஏறியிருந்தாத்தான், சீக்குல படுத்தா சம்பளத்துல 70 சதவீதம் வரும். அப்பா அம்மா உங்க சம்பாத்தியத்தை நம்பி இருந்தா அவங்க பேரையும் சேத்திருங்க.

பீஸ்ரேட் (பீசுக்கு இவ்வளவுன்னு கூலி) காண்ட்ராக்ட்டுக்குப் போய் இ.எஸ்.ஐ. நின்னுபோச்சுன்னா அப்ப ஏஜென்டைக் கூப்பிடுங்க. ஒண்ணு, அந்தப் பாலிசில முதல் 30 நாள் விபத்துக்கு மட்டுந்தான் பணம் கிடைக்குமுங்க.