ஹொஸ்டிங் வாங்க முதல் பான்ட்வித் கணக்கு: கேள்வி பதில்

சுன்னாகம், புடைவைக் கடை: ஒரு பிளானில "மாதம் 100 ஜிபி பான்ட்வித்" எண்டு கிடக்கு, இன்னொண்டில "100 எம்பிபிஎஸ்" எண்டு கிடக்கு. எதைப் பார்த்து எடுக்கிறது அண்ணை?

முதலாவது, மாதம் முழுக்க உங்கள் சேர்வரில் (தளத்தின் கோப்புகள் கிடக்கும் கணினி) இருந்து வெளியே போகக்கூடிய டேட்டாவின் அளவு. இரண்டாவது வேகம்: செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்பது (8 பிட் ஒரு பைட்). விற்கிறவர்கள் இரண்டையும் பான்ட்வித் என்றே சொல்வார்கள், அதுதான் குழப்பம். 1 எம்பிபிஎஸ் 30 நாளும் ஓயாமல் ஓடினால் 324 ஜிபி வரும். உங்களுக்கு முக்கியம் மாத அளவுதான்.

குரோமில் எஃப்12 அமத்தி, 'நெட்வேர்க்' பகுதியில் 'டிஸேபிள் காஷ்' (முன்பு சேமித்து வைத்த பிரதியைப் பாவிக்காதே) என்பதை டிக் பண்ணிப் பக்கத்தைத் திரும்பத் திறவுங்கள். கீழ் வரியில் எத்தனை எம்பி இறங்கியது என்று வரும். அது 2 எம்பி, ஒருவர் 4 பக்கம் பார்க்கிறார், நாளுக்கு 150 பேர் என்றால் நாளுக்கு 1.2 ஜிபி, மாதம் 36 ஜிபி. தீபாவளி, பொங்கல் நெருக்கத்துக்கு அரைவாசி கூட்டினாலும் 54. 100 ஜிபி உங்களுக்குத் தாராளமாகக் காணும்.

கோண்டாவில், கோயில் பரிபாலன சபை: போன முறை தேரண்டு மத்தியானமே எங்கட தளம் "509 பான்ட்வித் லிமிட் எக்ஸீடட்" எண்டு நிண்டிட்டுது. கனடா, லண்டன் ஆக்களிட்ட ஒரே பேச்சு. பெரிய பிளானுக்கு மாறுவமோ?

பிளானை மாற்ற முதல் படங்களைப் பாருங்கள். 509 என்றால் சேர்வர் களைத்துப்போகவில்லை, மாத ஒதுக்கீடு முடிந்துவிட்டது. கமராவில் இருந்து நேரே ஏற்றிய படம் ஒன்று 5 எம்பி வரும். தேர்ப் பக்கத்தில் அப்படி 40 படம் கிடந்தால், ஒருவர் ஒரு தடவை திறக்க 200 எம்பி. 500 பேர் பார்த்தால் 100 ஜிபி, ஒரே பக்கத்துக்கு! இந்த நிலையில் எந்தப் பிளானும் தாங்காது.

நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி என்ற படக் கோப்பு வடிவில் தரம் 75 அளவில் சேமித்தால் படம் ஒன்று பெரும்பாலும் 200 முதல் 300 கேபிக்குள் அடங்கும். அதே 500 பேருக்கு இப்போது 5 ஜிபி அளவுதான். பக்கத்தில் 400 பிக்சல் சின்னப் படங்களை மட்டும் போட்டு, தொட்டால் பெரிசு திறக்கிற மாதிரி வைத்தால் அதிலும் குறையும். ஜிசிப் (சேர்வர் அனுப்ப முதல் கோப்பைச் சுருக்குவது) போட்டால் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள். அது எழுத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும்தான். கமராவின் ஜேபெக் படம் ஏற்கனவே சுருங்கிய சாமான், ஜிசிப்பால் மேலும் சுருங்காது.

பிறகு கிளவுட்ஃபிளேர் என்ற, உலகெங்கும் சேர்வர் வைத்துத் தளங்களின் பிரதியைக் கொடுக்கும் சேவையின் இலவசத் திட்டத்தை உங்கள் தளத்துக்கு முன்னால் வையுங்கள். படங்களை அது தன் காஷில் இருந்து கொடுக்கும். அப்படிப் போகிறது உங்கள் ஒதுக்கீட்டில் கழியாது. ரொறன்ரோவில் இருப்பவருக்கும் பக்கத்துச் சேர்வரில் இருந்து போகும். இதற்கு நேம்சேர்வரை (உங்கள் தளப் பெயர் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது) மாற்ற வேண்டும். அந்த மாற்றம் எல்லா இடமும் பரவ ஒரு நாள் வரை எடுக்கலாம், அதனால் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே செய்துவிடுங்கள். மாற்றும்போது எம்எக்ஸ் பதிவுகள் (மின்னஞ்சல் எங்கே போகவேண்டும் என்று சொல்பவை) எல்லாம் வந்திருக்கா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று தவறினால் தளம் ஓடும், மின்னஞ்சல் படுத்துவிடும்.

வீடியோவை மட்டும் ஹொஸ்டிங்கில் ஏற்றவே வேண்டாம். 2 எம்பிபிஎஸ் நேரலை ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவருக்கு 900 எம்பி. 300 பேர் என்றால் 270 ஜிபி. யூரியூப்பில் விட்டு, தளத்தில் பொருத்துங்கள்.

நெல்லியடி: "அன்லிமிட்டட்" எண்டு மலிவாப் போகுதே, உண்மையோ?

டேட்டாவை எண்ண மாட்டார்கள். சிபியு, ஒரே நேர இணைப்புகள், கோப்புகளின் எண்ணிக்கை, இவற்றை எண்ணுவார்கள். அது முட்டினால் 509 வராது, 508 வரும். வாங்க முதல் நியாயப் பாவனை விதியை வாசியுங்கள். புதுப்பிப்பு விலையையும் பாருங்கள். முதல் வருட விலை அனேகமாகத் தூண்டில்தான். டொலரில் கட்டுவதால் ரூபாய் இறங்கினால் அதுவும் உங்கள் தலையில்.

திருநெல்வேலி, கம்பஸ் மாணவன்: அமேசானில சேர்வர் எடுத்தா மலிவு எண்டு கேள்விப்பட்டன்.

சேர்வர் மலிவாக இருக்கலாம் தம்பி, வெளியே போகும் டேட்டாதான் கடிக்கும். உள்ளே வருவது இலவசம். வெளியே போவதில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் அமெரிக்க வலயங்களில் ஜிபிக்கு 0.09 டொலர், மும்பையில் இன்னும் கூட. 1000 ஜிபி போனால் 81 டொலர், டேட்டாவுக்கு மட்டும். டிஜிட்டல் ஓஷன் என்ற இன்னொரு நிறுவனத்தில் மாதம் 6 டொலர் மெஷினோடு 1000 ஜிபி சேர்ந்தே வரும், மிஞ்சினால் ஜிபிக்கு 0.01 டொலர். அமேசானில் தொடங்கினால் முதல் வேலையாக பட்ஜெட் எச்சரிக்கையைப் போடுங்கள். அது மின்னஞ்சல்தான் அனுப்பும், தானாக எதையும் நிற்பாட்டாது.

சாவகச்சேரி: இணைய வானொலி, 64 கேபிபிஎஸ், எந்த நேரமும் 100 பேர் கேட்பினம்.

ஒருவருக்கு மணிக்கு 28.8 எம்பி, 100 பேருக்கு 2.88 ஜிபி, மாதம் 2 டிபிக்கு மேல். சாதாரண ஷெயார்ட் ஹொஸ்டிங்கில் (பலர் ஒரே சேர்வரைப் பங்கிடுவது) விடமாட்டார்கள். கேட்போர் எண்ணிக்கைக்கு விலை போடும் ஸ்ட்ரீமிங் சேவை எடுங்கள். பேச்சு நிகழ்ச்சிதான் கூட என்றால் ஏஏசி பிளஸ் என்ற ஒலி வடிவில் 32 கேபிபிஎஸ் போதும், பாதிச் செலவு.

பருத்தித்துறை, ரியூஷன் சென்ரர்: நாளுக்கு 40 பேர்தான் வருகினம், ஆனா மாதம் 90 ஜிபி போயிருக்கு. ஆர் எடுக்கினம்?

சீபனலில் (ஹொஸ்டிங்கை நிர்வகிக்கும் பகுதி) 'பான்ட்வித்' பக்கத்தைத் திறவுங்கள். எச்டிடிபி (தளம் பார்ப்பது), எஃப்டிபி (கோப்பு ஏற்றி இறக்குவது), ஐமாப் (மின்னஞ்சல்) என்று பிரித்துக் காட்டும். எஃப்டிபி கூட என்றால் பெரும்பாலும் உங்கள் பேக்கப்தான்: 2.5 ஜிபியை நாளாந்தம் இறக்கினால் மாதம் 75 ஜிபி. கிழமைக்கு ஒரு தரம் ஆக்குங்கள். எச்டிடிபி கூட என்றால் ஏடபிள்யூஸ்டாட்ஸில் (வருகைக் கணக்கு) ரோபோ (பக்கங்களைத் தானாக வாசிக்கும் நிரல்) பட்டியலையும், அதிகம் இறங்கிய கோப்புகளையும் பாருங்கள். கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப்களை வேறு தளங்கள் உங்கள் லிங்கோடேயே போட்டிருக்கக்கூடும். 'ஹொட்லிங்க் புரொடெக்ஷன்' பகுதியில் பிடிஎஃப் என்ற நீட்சியையும் சேருங்கள். ரோபோக்களுக்கு ரோபோட்ஸ் கோப்பு வெறும் வேண்டுகோள்தான். கேளாத ரோபோவை கிளவுட்ஃபிளேரிலோ எச்டிஅக்சஸ் கோப்பிலோ (சேர்வருக்கு விதி சொல்லும் கோப்பு) 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில், கொடுத்து மறிக்க வேண்டும்.