நியூ வேவ் சினிமா இசைத்தட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1980-ல் வந்த ‘டைம்ஸ் ஸ்கொயர்’ படம் சுருண்டுவிட்டது என்கிறார்கள். அதன் இசைத்தட்டை மட்டும் ஏன் இன்னும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்?

பதில்: தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட், ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ (1977), ‘கிரீஸ்’ (1978) இரண்டிலும் படத்தை வைத்துத் தட்டையும் தட்டை வைத்துப் படத்தையும் விற்றவர். டிஸ்கோ அலை ஓய்ந்ததும் அதே உத்தியை நியூ வேவில் போட்டுப் பார்த்தார். பங்க் ராக் இசையின் வேகத்தோடு சின்தசைசரும் வெட்டி வெட்டி வாசிக்கும் கிட்டாரும் சேர்ந்து, 70-களின் கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கிளம்பிய பாணி அது. நியூயார்க்கில் ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவரும் இரண்டு பெண் பிள்ளைகளின் கதைக்கு 2 தட்டு, 4 பக்கம், 20 பாட்டு. படம் போணியாகவில்லை. பாட்டு நின்றுவிட்டது.

இரண்டாம் பக்கத்தை மட்டும் கேளுங்கள். டாக்கிங் ஹெட்ஸின் ‘லைஃப் டூரிங் வார்டைம்’, ஜோ ஜாக்சன், எக்ஸ்டிசி, ரமோன்ஸ் என்று வரிசையாக நான்கு தேர்ந்த கைகள். ஐந்தாவதாக ‘டேம் டாக்’. பாடுவது படத்தின் நாயகி ராபின் ஜான்சன். பயிற்சி பெற்ற குரல் இல்லை, தொண்டையில் மணல் போட்டு அரைத்தது போல் இருக்கும். ரமோன்ஸுக்குப் பின்னால் வந்தும் அது சிறுத்துப்போகவில்லை. படத்தில் வரும் பெண் அந்தப் பெரிய பேர்களின் வரிசையில் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டாள் என்று தோன்றும். நான்காம் பக்கத்தின் கடைசியில் அதே பாட்டு இன்னொரு முறை வந்து தட்டை முடிக்கிறது. இந்த அடுக்குதான் சரக்கு. 1992-ல் மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் என்ற வேல்ஸ் ராக் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் ‘டேம் டாக்’ பாட்டைத் திரும்பப் பாடியபோது, மூலம் எது என்று கேட்டு இந்தத் தட்டுக்கு வந்தவர்கள் நிறைய.

எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டோம். முதல் பக்கத்தின் கடைசியில் பீ ஜீஸ் குழுவின் ராபின் கிப்பும் மார்சி லெவியும் பாடும் ‘ஹெல்ப் மீ!’ இந்தக் கூட்டத்தில் வழி தவறி வந்த விருந்தாளி. ஊசியைத் தூக்கிவிட்டால் பாவமில்லை.

கேள்வி: அந்த 20 பாட்டையும் ஸ்ட்ரீமிங்கில் தேடி அடுக்கிக்கொண்டால் போதாதா? தட்டு எதற்கு?

பதில்: பெரும்பாலானவை கிடைக்கும், அடுக்கிக் கேட்கலாம், தப்பே இல்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, இந்தப் படத்துக்கென்றே பதிவானவை. ராபின் ஜான்சனும் டிரினி அல்வராடோவும் பாடும் ‘யுவர் டாட்டர் இஸ் ஒன்’, ஜான்சனோடு டேவிட் ஜோஹான்சன் சேர்ந்து பாடும் ‘ஃப்ளவர்ஸ் இன் தி சிட்டி’ போன்றவற்றுக்கு இந்தத் தட்டுதான் சொந்த வீடு. எக்ஸ்டிசியின் ‘டேக் திஸ் டவுன்’ பாட்டும் முதலில் இங்கேதான் வந்தது. 1990-ல் அவர்களுடைய ‘ரேக் அண்ட் போன் பஃபே’ தொகுப்பிலும் சேர்ந்தது.

இரண்டாவது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. தேடினால் முதலில் வருவது பின்னாளைய மேடைப் பதிவாகவோ மறுபதிவாகவோ இருக்கலாம். நிமிடக் கணக்கை ஒப்பிடுங்கள். 10 வினாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகப்படுங்கள்.

மறுபதிப்பு ஏன் சுலபமில்லை என்பதற்கும் விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. லூ ரீடின் 1972 பாட்டு ஆர்சிஏ கம்பெனியுடையது, பாடகி பாட்டி ஸ்மித் அரிஸ்டா, ஜோ ஜாக்சன் ஏ அண்ட் எம், ரமோன்ஸும் டாக்கிங் ஹெட்ஸும் சைர். தட்டை வெளியிட்ட ஸ்டிக்வுட்டின் ஆர்எஸ்ஓ கம்பெனியே 80-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, சரக்கு பாலிகிராமுக்குப் போனது. புதிதாக அச்சிடுகிறவர் இத்தனை வாசலிலும் ஏறி இறங்க வேண்டும்.

கேள்வி: ‘அர்க்! எ மியூசிக் வார்’ இதைவிடச் சிறந்தது என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: ஒப்பிடக் கூடாத இரண்டு. ‘அர்க்!’ (1981) பல குழுக்களின் கச்சேரிகளைத் தொகுத்த படத்தின் ஆல்பம், முழுக்க மேடைப் பதிவு. கேரி நூமனின் ‘டவுன் இன் தி பார்க்’ இரண்டு ஆல்பத்திலும் உண்டு. அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் புரியும். ‘டைம்ஸ் ஸ்கொயர்’ தட்டில் இருக்கும் ஸ்டூடியோ பதிவு கண்ணாடிப் பெட்டிக்குள் நடப்பது போல் குளிர்ந்து கிடக்கும். ‘அர்க்!’ பதிவில் அரங்கின் காற்று இருக்கிறது. கிளாஸ் நோமியின் ‘டோட்டல் எக்லிப்ஸ்’ ஒன்றுக்காகவே ‘அர்க்!’ வாங்கலாம். ஆனால் கோவையாக ஒரு கதை சொல்வது ‘டைம்ஸ் ஸ்கொயர்’தான்.

கேள்வி: ‘வேலி கேர்ள்’ படத்தின் அசல் 1983 தட்டு என்று ஒரு சிடி விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். 1983-ல் திட்டமிட்ட முழு ஆல்பம் பாட்டு உரிமைத் தகராறில் நின்றுபோனது. வெளிவந்தது 6 பாட்டு கொண்ட ஒரு குட்டித் தட்டு. ரைனோ கம்பெனி 1994-ல் ஒரு சிடியும் 1995-ல் இரண்டாம் தொகுதியும் போட்டது. அவை முறையானவை, கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அவை பின்னாளில் தொகுத்தவை. ‘1983 அசல் சிடி’ என்று எவராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: பழைய தட்டை இணையத்தில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தரக் குறியீட்டை அகராதிப்படி படிக்காதீர்கள். ‘குட்’ என்று போட்டிருந்தால் தட்டு நல்ல நிலையில் இல்லை என்று பொருள். இரைச்சலும் கீறலும் நிச்சயம். ‘விஜி பிளஸ்’ஸுக்கு, அதாவது ‘வெரி குட்’டுக்கு ஒரு படி மேலான தரத்துக்கு, கீழே இறங்க வேண்டாம். உறைக்குத் தனி மதிப்பெண், தட்டுக்குத் தனி மதிப்பெண் கேளுங்கள்.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். ஒன்று லேபிள், ஆர்எஸ்ஓ என்றால் சிவப்புப் பசு முத்திரை, ஜப்பானிய பொம்மைப் பசுவின் வடிவம், ஓரம் மசங்காமல் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். இன்னொன்று, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத வளையத்தில் பொறித்திருக்கும் எண். அது லேபிளில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இல்லையென்றால் கள்ளப்பதிப்பாகவோ, வேறொரு நாட்டுப் பதிப்பின் தட்டை இந்த உறைக்குள் போட்டதாகவோ இருக்கலாம். கடைசியாக, விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்த தட்டின் படம். நேர் வெளிச்சத்தில் மெல்லிய கீறல் தெரியாது.

உறையின் மூலை வெட்டுப்பட்டோ துளைபோட்டோ இருந்தால் பயப்படாதீர்கள். விற்காத சரக்கைக் கம்பெனி மலிவாகத் தள்ளிவிட்டதன் அடையாளம் அது. ஓடாத படத்தின் தட்டுகளில் இது சகஜம். பல நேரம் உள்ளே இருக்கும் தட்டு ஊசியே படாததாக இருக்கும்.

அனுப்பும்போது தட்டுகளை உறைக்கு வெளியே, உள்ளுறையோடு பக்கத்தில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி, உறையின் ஓரத் தையலைத் தட்டின் விளிம்பே கிழித்துவிடும்.

கேள்வி: ‘டேம் டாக்’ வரும்போது மட்டும் ‘ஸ்’ ஒலிகள் சீறுகின்றன. தட்டு கெட்டுவிட்டதா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் இடத்தைப் பாருங்கள். இரண்டு முறையும் அந்தப் பாட்டு பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. 33⅓ சுற்று வேகத்தில், தட்டின் வெளிவிளிம்பில் தடம் ஊசிக்குக் கீழே வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், கூம்பு முனை ஊசியால் வளைவுகளுக்குள் இறங்க முடியாது. நீள்வட்ட முனை போட்டுப் பாருங்கள். அதன் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான், கூம்பு முனையில் ஏறக்குறைய இரு மடங்கு.

ஊசி தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜோடு (ஊசியைத் தாங்கும் பாகம்) வரும் தாளில் போட்ட அளவுக்குள் வையுங்கள். 1.8 முதல் 2.2 கிராம் என்றிருந்தால் 2 கிராம். தட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து எடையைக் குறைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள். எடை போதாத ஊசி தடத்தின் சுவரில் தாவித் தாவி மோதும். சீறல் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் ஆன்டி-ஸ்கேட்டிங் (ஊசிக்கை நடுப்பக்கம் இழுபடாமல் சமன்செய்யும் அமைப்பு) அளவைச் சரிபாருங்கள். எல்லாம் செய்தும் போகவில்லையென்றால் முந்தைய சொந்தக்காரரின் மழுங்கிய ஊசி வேலையைக் காட்டியிருக்கிறது, அதற்கு மருந்தில்லை.

கேள்வி: தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க விரும்புகிறேன். முறை சொல்லுங்கள்.

பதில்: முதலில் கழுவுங்கள். வடித்த நீர் 800 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த நீரால் ஒரு முறை அலசி, அரை மணி நேரம் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. பழைய 78 சுற்று அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகாது, ஆல்கஹால் அதை அரித்துவிடும்.

பிளேயரிலிருந்து நேராகக் கம்ப்யூட்டரின் லைன் இன்புட்டில் சொருகினால் ஒலி மெலிந்து, பாஸ் இல்லாமல் தகரம் தட்டுவது போல் வரும்; நடுவே அந்த ஒலியைப் பெருக்கி பாஸைச் சரிசெய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். பிளேயருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து, வெளியிலும் ஒன்று போட்டால் உறுமும். ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வைத்து, பக்கத்தின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓடவிட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் அளவை நிறுத்துங்கள். நிமிடத்துக்குச் சுமார் 35 எம்.பி., 20 நிமிடப் பக்கத்துக்கு 700 எம்.பி. போல ஆகும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகச் சேமித்தால் சுருங்கும்.

சில இரட்டை ஆல்பங்களில் முதல் பக்கத்தின் மறுபுறம் நான்காம் பக்கம் இருக்கும். தானியங்கி பிளேயரில் தட்டுகளை அடுக்கிப் போடுவதற்காக அப்போது செய்த ஏற்பாடு. கோப்புக்குப் பெயர் வைக்கும் முன் லேபிளில் பக்க எண்ணைப் படியுங்கள். இல்லையென்றால் ‘டேம் டாக்’ இரண்டாம் முறைப் பதிவு பாதி ஆல்பத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும்.