நினிவே ஏன் கவிழவில்லை? தீர்க்கதரிசனம், பாவம், மன்னிப்பு குறித்த கேள்விகளும் பதில்களும்

பர்மாவில் ரங்கூனிலும் பெகு, தட்டோன், மோல்மேன் ஊர்களிலும் உள்ள நம் தமிழ்ச் சபையார் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வந்த சீட்டுகளில் ஏறத்தாழப் பாதி, “இயேசுவின் வருகை எப்போது?” என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. அவற்றுக்கு ஒருமுறை பதில் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல மாட்டேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: நான் குறிப்பிடும் வசனத்தை மட்டும் பார்த்துவிட்டு வேதத்தை மூடிவிடாதீர்கள், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களையாவது வாசியுங்கள்.

கேள்வி: 2025 மார்ச் 28-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் மண்டலேயில் இருந்த எங்கள் உறவினர் வீடு இடிந்தது. அது தேவனுடைய நியாயத்தீர்ப்பா? அங்கே பாவம் மிகுந்துவிட்டது என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். (ஒரு சகோதரி, ரங்கூன்)

சகோதரியே, இந்தக் கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே தெளிவாகப் பதிலும் சொல்லிவிட்டார். மார்ச் 28 ஒரு வெள்ளிக்கிழமை. நண்பகல் கடந்த அந்த நேரத்தில் மசூதிகளில் தொழுகைக்கு நின்றவர்கள் இறந்தார்கள், மடங்களில் இருந்த பிக்குகள் இறந்தார்கள், பிள்ளைகளும் இறந்தார்கள். இவர்களுடைய பாவத்தை எடைபோட்டுச் சொல்லும் அதிகாரத்தை எந்தப் பிரசங்கியாருக்கும் கர்த்தர் கொடுக்கவில்லை.

சகாயிங் நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் நிலப்பிளவு நம் நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. 1930 மே 5 அன்று பெகுவைத் தரைமட்டமாக்கி ஷ்வேமாடோ பகோடாவை இடித்த நிலநடுக்கமும் இதே பிளவில் எழுந்ததுதான். மத்தேயு 24-இல் பூமியதிர்ச்சிகளைக் குறிப்பிடும் ஆண்டவர், இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்கிறாரே தவிர, முடிவு என்று சொல்லவில்லை. அதற்குச் சற்று முன்புதான், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். உறவினருக்குக் கூரை போட உதவுங்கள். அந்தப் பிரசங்கியாருக்கு லூக்கா 13-ஐ வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: இயேசுவின் வருகை 2028-இல் என்கிறார்களே, உண்மையா? (பெகுவிலிருந்து ஒரு சகோதரர், இதே கேள்வி இன்னும் எட்டுச் சீட்டுகளில்)

உண்மை அல்ல. “பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல” என்று அப்போஸ்தலர் 1:7 சொல்கிறது. தேதி சொல்கிறவனுக்குக் காணிக்கை கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1942-இல் ஜப்பானியர் வந்தபோது எங்கள் தாத்தா குடும்பம் புரோமிலிருந்து தௌங்குப் கணவாய் வழியாக நடந்தது. நடக்க முடியாமல் போன தன் தாயை அவர் வழியில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார். போருக்குப் பின் திரும்பி வந்து, சாகும்வரை அதைச் சொல்லி அழுதார். தேவன் அவரை மன்னித்திருப்பாரா? அந்தப் பாவம் எங்கள் குடும்பத்தைத் தொடர்கிறதா? (ஒரு சகோதரர், மோல்மேன்)

சகோதரரே, இந்தச் சீட்டை நான் பலமுறை வாசித்தேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தபின் லட்சக்கணக்கான நம்மவர்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்த நடையின் கதையைச் சொல்லாமல் மறைத்த வீடுகள் நம்மிடையே பல உண்டு; உங்கள் தாத்தா அதை மறைக்காமல் சொல்லி அழுதிருக்கிறார்.

அது பாவமா என்று முதலில் கேட்க வேண்டும். பாவம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதை எபிரெய வேதம் பல சொற்களால் சொல்கிறது. குறி தவறுதலுக்கு ஒரு சொல், கோணலாகிப்போனதற்கு ஒரு சொல், தெரிந்தே எதிர்த்து நிற்பதற்கு ஒரு சொல். “என் மீறுதல்களை நான் அறிந்திருக்கிறேன்” என்று தாவீது பாடும் 51-ஆம் சங்கீதத்தில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு பிள்ளைகளைத் தோளில் சுமந்தவனால் மூன்றாவது ஆளைச் சுமக்க முடியாமல் போனதை எதிர்த்து நிற்றல் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. அதே வேளையில், அது ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னால், அவர் சிந்திய கண்ணீரைப் பொய்யாக்கியவன் ஆவேன். யோவான் தம் முதல் நிருபத்தில், “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்று எழுதுகிறார். அந்த மரத்தடியை அவர் அறிவார். உட்காரவைத்த கையின் நடுக்கத்தையும், உட்கார்ந்திருந்த தாய் தன் மகனைப் போகச் சொன்னாளா என்பதையும் அவர் அறிவார். அவருடைய தீர்ப்பு, உங்கள் தாத்தா தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பைவிடப் பெரியது.

இரண்டாவது கேள்விக்கு எசேக்கியேல் 18:20 நேரடியாகப் பதில் சொல்கிறது: “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை.” குடும்பச் சாபத்தை முறிக்கிறேன் என்று சொல்லி உபவாசக் கூட்டத்துக்குத் தொகை கேட்கிறவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும். அவர்களுக்கு ஒரு கியாட்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் கணவரின் தம்பி வீடு வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் சேமிப்பை வாங்கி ஏமாற்றிவிட்டார். இப்போது, “மன்னிக்கச் சொல்லித்தானே வேதம் சொல்கிறது” என்று மறுபடியும் பணம் கேட்கிறார். நான் என்ன செய்ய? (ஒரு சகோதரி, ரங்கூன்)

கொடுக்க வேண்டாம் அம்மா. மன்னிக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

பரமண்டல ஜெபத்தில் நாம், “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்கிறோம். கிரேக்க மூலத்திலும் கடன் என்றே இருக்கிறது. ஜட்சன் ஐயர் மொழிபெயர்த்த பர்மிய வேதத்தில் அந்த இடத்தில் குற்றம் என்ற பொருளில் ‘அப்யிட்’ என்று வரும். ஆனால் மன்னித்தலுக்கு அவர் எடுத்த சொல் ‘லுட்’. சூலே பகோடா அருகில் கூண்டில் அடைத்த சிட்டுக்குருவிகளை விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்தவர் குருவியை வாங்கி, உள்ளங்கையில் ஒரு கணம் வைத்து, விரல்களைத் திறந்து விடுகிறார். அந்தச் செயலுக்கும் பர்மியர் சொல்வது இதே ‘லுட்’தான். பற்றியதை விடுவதே மன்னிப்பு. கிரேக்கச் சொல்லின் பொருளும் விட்டுவிடுதல்தான். அந்த மனிதரைக் கெடுக்க வேண்டும், அவர் பிள்ளைகள் நன்றாயிருக்கக் கூடாது என்று உங்கள் உள்ளங்கையில் இறுகப் பிடித்திருப்பதைத் திறந்து விடுங்கள். விட்ட குருவியைப் பிடித்து மீண்டும் கூண்டில் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கடன் என்ற சொல்லின் கனம் பர்மாத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1930-களின் நெல் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்தது. அதனால் விளைந்த கசப்பு இரு பக்கத்துக் குடும்பங்களிலும் தலைமுறை கடந்து நின்றது. மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன உவமையில், ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுக்கு உடன் ஊழியன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். நூறு வெள்ளிப்பணம் என்பது ஒரு கூலியாளின் 100 நாள் உழைப்பு. ஆண்டவர் அதை அற்பத் தொகையாக வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு நேர்ந்த இழப்பு சிறியது என்று சொல்லி அவர் உங்களை மன்னிக்கச் சொல்லவில்லை. நமக்கு மன்னிக்கப்பட்டது அதைவிடப் பன்மடங்கு என்று மட்டும் காட்டுகிறார். கொழுந்தனார் மனந்திரும்பியவர் என்றால், லூக்கா 19-இல் சகேயு செய்ததுபோல முதலில் வாங்கியதைத் திருப்பித் தரட்டும்.

கேள்வி: கோபத்தில் பரிசுத்த ஆவியானவரைப் பழித்துப் பேசிவிட்டேன். மன்னிப்பில்லாத பாவத்தைச் செய்துவிட்டேனா? இரவில் தூக்கமில்லை. (ஒரு தம்பி, தட்டோன்)

இல்லை. மாற்கு 3-இல் 30-ஆம் வசனம்வரை வாசி. வேதபாரகர்கள் தங்கள் கண்முன் நடந்த விடுதலையைக் கண்டும், அது பெயெல்செபூலின் வேலை என்று தெளிந்த மனதோடு சாதித்தார்கள். அந்தக் கடினத்தைப் பற்றியே ஆண்டவர் அப்படி எச்சரித்தார். அந்த நிலைக்குப் போனவன் மன்னிப்பை நாடவும் மாட்டான், உன்னைப்போல் தூக்கமில்லாமல் தவிக்கவும் மாட்டான். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9-ஐ மனப்பாடம் செய்துகொண்டு தூங்கு.

கேள்வி: விரல்ரேகை எடுக்கும் அடையாள அட்டையும் கைபேசிப் பணமும் மிருகத்தின் முத்திரையா? (நான்கு சீட்டுகள்)

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று குடியுரிமை வகையைக் காட்டும் அட்டையின் நிறத்தால் நம்மவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அது வேறு துயரம். அந்த மிருகத்தின் எண்ணான 666 என்பது எபிரெய எழுத்துகளில் நீரோ இராயனின் பெயருக்கு வரும் கூட்டுத்தொகை என்று வேத அறிஞர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். சில பழைய பிரதிகளில் 616 என்றும் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐ வாசிப்பவர்கள் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் வாசித்தால், ஆட்டுக்குட்டியானவரைச் சேர்ந்தவர்கள் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள். நீங்கள் யாரை வணங்குகிறீர்கள் என்பதே அங்கே கேள்வி. தயவுசெய்து, முன்னும் பின்னும் வாசியுங்கள்.

கேள்வி: 2028 பற்றி ஒரே வரியில் பதில் சொல்லித் தப்பித்துவிட்டீர்கள். அத்திமரம் இஸ்ரவேல், அது 1948-இல் துளிர்த்தது. ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்பது மத்தேயு 24:34. ஒரு சந்ததி 80 வருடம் என்று சங்கீதம் 90:10 சொல்கிறது. கூட்டினால் 2028. கடைசி நாட்களில் பரியாசக்காரர் வருவார்கள் என்று பேதுரு சொன்னது உங்களைப் போன்றவர்களைத்தான். (பெகு சகோதரர், மீண்டும்)

ஐயா, பேதுரு குறிப்பிடும் பரியாசக்காரர்கள் வருகையே இல்லை என்றவர்கள். நானோ ஞாயிறுதோறும் சபையோடு நின்று, அவர் மறுபடியும் வருவார் என்று விசுவாச அறிக்கை செய்கிறவன். விரிவான பதில் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அத்திமரம் இஸ்ரவேல் மட்டுமே என்றால், லூக்கா 21:29-இல் அதே உவமையைச் சொல்லும்போது ஆண்டவர் மற்ற எல்லா மரங்களையும் பார்க்கச் சொல்வது ஏன்? மரம் துளிர்த்தால் வசந்தகாலம் சமீபம் என்பது உழவனுக்குத் தெரிந்த செய்தி, அவ்வளவே. ‘இந்தச் சந்ததி’ என்பதைத் தமக்கு முன்னே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார், கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை இடித்தபோது அவர்களில் பலர் உயிரோடிருந்தார்கள். வருகையைப் பற்றிய மற்றப் பகுதி அதோடு எப்படி இணைகிறது என்பதில் பக்தியுள்ளவர்கள் பலவிதமாகக் கருதுகிறார்கள்; நானும் அதில் உங்களோடு பேசத் தயார். ஆனால் சங்கீதம் 90:10 மனித ஆயுளின் குறுகலை எண்ணி அழும் வசனம். அதைக் கணக்கு வாய்ப்பாடாக்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?

ஒரு சந்ததிக்கு 40 வருடம் என்று சொல்லி, இதே 1948-இலிருந்து எண்ணி, 1988 செப்டம்பரில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று எட்கர் விசெனன்ட் என்ற அமெரிக்கர் எழுதினார். ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்தச் செப்டம்பரை இந்த நாட்டில் நாம் வேறு காரணத்தால் மறக்கவில்லை, ஆண்டவர் வரவில்லை. அவர் அதை 1989 என்று மாற்றினார். அதற்கும் முன்பே, தானியேல் 8:14-இன் 2300 நாட்களை வருடங்களாக எண்ணிய வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ஐ வருகை நாளாகக் குறித்தார்கள்; அவர்களில் பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் உண்டு. 40 பொய்த்தது என்று 70-க்குப் போனார்கள், 70 பொய்த்தது என்று 80-க்குப் போகிறார்கள். சொன்னது நடவாவிட்டால் அதைச் சொன்னவன் துணிகரத்தால் சொன்னான் என்று உபாகமம் 18:22 தீர்ப்புக் கூறுகிறது.

என் குரல் உயர்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சீட்டோடு ஒரு சகோதரியின் சீட்டும் வந்திருக்கிறது. 2028-இல் எல்லாம் முடியப்போகிறது என்று அவருடைய கணவர் மகனின் படிப்பை நிறுத்தச் சொல்கிறாராம். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, நகரம் விழப்போகிறது என்று தானே அறிவித்த எரேமியா, 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரம் எழுதினார். அம்மா, எரேமியா 32-ஐ உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மகனுக்குப் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் தீர்க்கதரிசனம் எதற்கு? தேதி தெரியாத முன்னறிவிப்பால் என்ன பயன்? (அதே சகோதரர்)

இதுவே கேட்கத் தகுந்த கேள்வி. கேட்டதற்கு நன்றி ஐயா. தேதி குறித்துச் சொல்லப்பட்ட ஒரு தீர்க்கதரிசனம் வேதத்தில் இருக்கிறது. “இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்” என்றான் யோனா. ‘மனந்திரும்பினால் ஒழிய’ என்ற நிபந்தனையே அதில் இல்லை. நாற்பது நாள் கடந்தது, நினிவே நின்றது. யோனா பொய் சொன்னானா? இல்லை, ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான், ஜனங்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பினார்கள், தேவன் மன்னித்தார். ஒரு ஜாதியை அழிப்பேன் என்று நான் சொல்லும்போது அது திரும்பினால் நானும் அந்தத் தீங்கைச் செய்யாதிருப்பேன் என்று எரேமியா 18-இல் கர்த்தரே இதை விளக்குகிறார். சொன்னபடி நடக்காமல் போவதற்காகவே சொல்லப்பட்ட வார்த்தை அது. யோனா கோபித்துக்கொண்டு, நகரம் கவிழ்வதைப் பார்க்கலாம் என்று வெளியே குடிசை போட்டு உட்கார்ந்தான். 2028-க்காகக் காத்திருப்பவர்கள் அந்தக் குடிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் அஞ்சுகிறேன்.

கேள்வி: என் மனைவி கத்தோலிக்கர், குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். அது செல்லுமா?

அதை அவருடைய பங்குத்தந்தையிடம் கேளுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ நம் சபைகளில் நாம் கைக்கொள்கிறோமா என்று முதலில் நம்மையே கேட்போம்.

கேள்வி: வருகை எப்போது என்று… (மூன்று சீட்டுகள்)

மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தம்பி உண்டியலிலிருந்து பணம் எடுத்தேன். அவனுக்குத் தெரியாது. ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போதுமா? (வயது 13)

போதாது, மகனே. மத்தேயு 5:23-24-ஐ வாசி: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் உன் சகோதரனிடம் போ என்கிறார் ஆண்டவர். எடுத்த தொகையைச் சேர்த்துவை, அப்பாவிடம் வாங்காதே. உண்டியலில் இரகசியமாகப் போட்டுவிடாமல் தம்பியின் கையிலேயே கொடுத்து, “அண்ணன்தான் எடுத்தேன்” என்று சொல். அவன் அழுதால் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.